சுதந்திரத்தைச் சொல்லும் பரங்கிக்காய் சூப்

ஜனவரி 1-ந் தேதி. பொழுது இன்னும் சரியாக விடியவில்லை.

ஹைதி நாட்டில் வீட்டுக்கு வீடு அடுப்பு எரிகிறது. அடுப்பின் மேல் பெரிய பானை. பானைக்குள் மஞ்சள் நிறத்தில் தளதளவென்று கொதிக்கிறது. அதன் வாசனை தெருக்கோடி வரை வீசுகிறது.

மாடி வீட்டிலும் அதே பானைதான். தகரக் கொட்டகையிலும் அதே பானைதான்.

பானைக்குள் இருப்பது என்ன?

பரங்கிக்காய் சூப்!

"பரங்கிக்காயா? அதற்கா இவ்வளவு தடபுடல்?" என்று கேட்கத் தோன்றும். அந்தச் சூப்புக்குப் பின்னால் கண்ணீர்க் கதை ஒன்று இருக்கிறது. ஒரு மாபெரும் வெற்றியின் கதையும் இருக்கிறது.

எங்கே இருக்கிறது ஹைதி?

உலகப் படத்தில் வட அமெரிக்காவுக்கும் தென் அமெரிக்காவுக்கும் நடுவே பாருங்கள். அங்கே ஒரு கடல். அதன் பெயர் கரீபியன் கடல். அதில் தீவுகள் பல உண்டு. அவற்றில் ஒரு பெரிய தீவின் மேற்குப் பகுதிதான் ஹைதி. கிழக்குப் பகுதி டொமினிக்கன் குடியரசு.

கொலம்பஸ் இந்தத் தீவுக்கு வந்தது 1492-ம் ஆண்டில். முதலில் ஸ்பெயின் நாட்டவர் ஆண்டார்கள். 1697-ல் மேற்குப் பகுதி பிரெஞ்சுக்காரர்களின் கைக்குப் போயிற்று. அவர்கள் அதற்கு வைத்த பெயர் சேன் தொமேங்.

மண் நல்ல மண். கரும்பு செழித்து வளர்ந்தது. காப்பியும் விளைந்தது. ஐரோப்பாவில் சீமாட்டிகள் குடித்த காப்பியில் பாதிக்கு மேல் இங்கிருந்துதான் போயிற்று. அந்தக் காப்பியில் போட்ட சர்க்கரையிலும் பெரும்பங்கு இங்கிருந்தே போயிற்று.

அந்தக் கரும்பை வெட்டியது யார்? காப்பிக்கொட்டையைப் பறித்தது யார்?

அடிமைகள்!

கசந்த கரும்பு

ஆப்பிரிக்காவில் மனிதர்களைப் பிடித்தார்கள். சங்கிலியால் கட்டினார்கள். கப்பலில் அடைத்துக் கொண்டுவந்தார்கள். சந்தையில் நிறுத்தி ஆடு மாடுகளைப்போல் விற்றார்கள்.

1789-ம் ஆண்டு வாக்கில் அங்கே இருந்த அடிமைகள் சுமார் 5 லட்சம் பேர். வெள்ளையர்கள் 30 ஆயிரம் முதல் 40 ஆயிரம் பேர்தான். அந்தச் சிலருக்காக இந்த 5 லட்சம் பேரும் உழைத்தார்கள்.

விடியுமுன் வயலில் இறங்க வேண்டும். இருட்டிய பிறகுதான் திரும்பலாம். கரும்பு வெட்டும் காலத்தில் இரவிலும் ஆலை வேலை. கொஞ்சம் அயர்ந்தால் சாட்டை. ஓடிப் போனால் கொடிய தண்டனை. வந்து சேர்ந்த சில ஆண்டுகளிலேயே மாண்டவர்கள் ஏராளம்.

சாப்பாடு?

அடிமைகளுக்கென்றே பிரெஞ்சு மன்னர் 1685-ல் ஒரு சட்டம் போட்டிருந்தார். அதற்குக் "கறுப்புச் சட்டம்" என்று பெயர். அதில் சாப்பாட்டுக்கும் ஒரு கணக்கு உண்டு. வாரம் ஒன்றுக்கு ஓர் ஆளுக்கு மரவள்ளிக்கிழங்கு மாவு கொஞ்சம். அதோடு உப்புக்கண்டம் 2 பவுண்டு, அல்லது மீன் 3 பவுண்டு. அவ்வளவுதான்! அதையும் ஒழுங்காகக் கொடுக்காத முதலாளிகள் பலர்.

சமைத்தவருக்கு இல்லை

தோட்டத்தில் பரங்கிக்காய் விளைந்தது. விதை போட்டவர்கள் அடிமைகள். தண்ணீர் ஊற்றியவர்கள் அடிமைகள். காயைப் பறித்து, நறுக்கி, வேகவைத்து, இறைச்சி சேர்த்து மணக்க மணக்கச் சூப் வைத்தவர்களும் அடிமைகள்தான்.

சூப் தயாரானதும் அதைப் பீங்கான் கிண்ணத்தில் ஊற்றி முதலாளியின் மேஜையில் கொண்டுபோய் வைப்பார்கள். பிறகு ஒதுங்கி நிற்பார்கள்.

அவர்கள் அதைச் சாப்பிடக் கூடாது! அது எஜமானர்களின் உணவு. மணம் மட்டும்தான் சமைத்தவர்களுக்கு.

ஹைதி மக்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வரும் செய்தி இது. பாட்டி பேரனுக்குச் சொல்லுகிறாள். பேரன் வளர்ந்து தன் பிள்ளைக்குச் சொல்லுகிறான்.

தீப்பிடித்த தோட்டங்கள்

எத்தனை நாள்தான் பொறுப்பார்கள்?

1791-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம். ஓர் இரவில் வடபகுதித் தோட்டங்களில் தீப்பற்றிக் கொண்டது. கரும்புக்காடு எரிந்தது. ஆலைகள் எரிந்தன. ஆயிரக்கணக்கான அடிமைகள் கத்தியும் கம்புமாகக் கிளம்பினார்கள்.

அவர்களுக்கு ஒரு தலைவர் கிடைத்தார். அவர் பெயர் தூசேன் லூவெர்தூர். அடிமையாகப் பிறந்தவர். குதிரை வண்டி ஓட்டியவர். அவர் பெரிய படைத்தலைவராக உயர்ந்தார். போரின் வேகத்தைக் கண்டு 1794-ல் பிரெஞ்சு அரசாங்கமே "அடிமை முறை ஒழிந்தது" என்று அறிவித்தது.

ஆனால் நெப்போலியன் பதவிக்கு வந்ததும் நிலைமை மாறியது. அவன் அனுப்பிய 20 ஆயிரத்துக்கும் மேற்பட்ட சிப்பாய்கள் 1802-ல் கப்பலில் வந்து இறங்கினார்கள். தூசேனைப் பேச்சுவார்த்தைக்கென்று அழைத்துக் கைது செய்தார்கள். பிரான்சில் பனி மலையில் உள்ள ஒரு கோட்டையில் அடைத்தார்கள். குளிரிலும் நோயிலும் வாடி, 1803 ஏப்ரல் 7-ந் தேதி அவர் இறந்தார்.

தலைவர் போனார். போராட்டம் போகவில்லை!

தூசேனின் தளபதியாக இருந்த ஜான் ஜாக் தெசாலின் தலைமை ஏற்றார். அவரும் அடிமையாக இருந்தவர்தான். மஞ்சள் காய்ச்சல் என்ற நோய் பிரெஞ்சுப் படையில் புகுந்து ஆயிரக்கணக்கானவர்களைக் கொன்றது. மீதியை மக்கள் பார்த்துக்கொண்டார்கள். 1803 நவம்பர் 18-ந் தேதி வெர்தியேர் என்ற இடத்தில் கடைசிச் சண்டை. நெப்போலியனின் படை தோற்றது.

அடிமைகள் ஜெயித்தார்கள்!

முதல் கிண்ணம்

1804 ஜனவரி 1-ந் தேதி. கொனாயிவ் என்ற ஊரில் தெசாலின் சுதந்திரத்தை அறிவித்தார். வெள்ளைக்காரர்கள் வைத்த பெயரை எடுத்தெறிந்தார்கள். அத்தீவின் பூர்வ குடிகள் வழங்கிய பழைய பெயரையே நாட்டுக்குச் சூட்டினார்கள். அதுதான் "ஹைதி". மலைகள் நிறைந்த நாடு என்று அதற்குப் பொருள்.

அடிமைகளாக இருந்தவர்களே கிளர்ந்தெழுந்து, தங்களுக்கென்று ஒரு நாட்டை அமைத்துக் கொண்டார்கள். உலக சரித்திரத்தில் இது போல் இன்னொன்று இல்லை.

வெற்றி விருந்துக்கு என்ன சமைப்பது?

எதைச் சாப்பிடக் கூடாது என்றார்களோ, அதையே சமைத்தார்கள்! பரங்கிக்காய் சூப். யார் யார் கையால் அது கொதித்ததோ, அவர்கள் வாயிலேயே அன்று அது இறங்கியது.

தெசாலினின் மனைவி மரி கிளேர்தான் எல்லாருக்கும் இந்தச் சூப்பை வழங்கச் செய்தார் என்றும் மக்கள் சொல்லுவார்கள். போரில் காயம்பட்டவர்களுக்குச் சிகிச்சை செய்து பெயர் பெற்ற பெண்மணி அவர்.

அன்றிலிருந்து ஒவ்வோர் ஆண்டும் ஜனவரி 1-ந் தேதி ஹைதியில் பரங்கிக்காய் சூப்தான். அவர்கள் மொழியில் அதன் பெயர் "சூப் ஜூமூ". ஜூமூ என்றால் பரங்கிக்காய்.

பானையில் என்ன இருக்கிறது?

சூப் வேலை முதல் நாள் இரவே தொடங்கிவிடும்.

மாட்டிறைச்சியை எலுமிச்சைச் சாறு விட்டுக் கழுவுகிறார்கள். பூண்டு, வெங்காயத்தாள், வாசனைத் தழைகள், மிளகாய் எல்லாவற்றையும் இடித்து விழுதாக்கி இறைச்சியில் தடவி ஊறவைக்கிறார்கள். வீட்டில் பெண்கள் காய் நறுக்க உட்காருவார்கள். பிள்ளைகள் சுற்றி உட்கார்ந்து தோல் உரிப்பார்கள். அப்போதுதான் பழைய கதைகள் வெளியே வரும்.

பொழுது விடியுமுன் இறைச்சி வேகத் தொடங்கும். பரங்கிக்காயை வேகவைத்து, மசித்து, அந்தச் சாற்றில் கலப்பார்கள். பிறகு காரட், உருளைக்கிழங்கு, கோசு, டர்னிப் கிழங்கு ஆகியவற்றைச் சேர்ப்பார்கள். கிராம்பும் உண்டு. கடைசியில் சேமியா அல்லது மக்ரோனி.

ஒரு வேடிக்கையும் உண்டு. குடைமிளகாயைக் குட்டியாக்கியது போல அங்கே ஒரு மிளகாய். சின்னதுதான், ஆனால் காரம் உச்சியைப் பிளக்கும்! அதை நறுக்காமல், காம்போடு முழுசாகச் சூப்பின் மேல் மிதக்க விடுவார்கள். மணம் இறங்கும்; காரம் அளவோடு இறங்கும். மிளகாய் உடைந்துவிட்டால் ஆபத்து! அதனால் அகப்பையை மெதுவாகப் போட்டுக் கிண்ட வேண்டும்.

சூப் தயாரானதும் அண்டை வீட்டுக்கு ஒரு கிண்ணம் போகும். அங்கிருந்து இங்கே ஒரு கிண்ணம் வரும். வழியில் போகிறவர் எட்டிப் பார்த்தாலும் "வந்து குடியுங்கள்" என்று கூப்பிடுவார்கள். "உனக்கு இல்லை" என்ற சொல்லுக்கு அன்று அங்கே இடமில்லை. அந்தச் சொல்லைக் கேட்டுக் கேட்டு வெந்து போனவர்களின் வாரிசுகள் அல்லவா!

விடுதலைக்கும் விலை!

சுதந்திரம் வந்ததும் ஹைதி மக்களின் துன்பம் தீர்ந்து விட்டதா? இல்லை.

1825-ல் பிரெஞ்சு மன்னர் பத்தாம் சார்லஸ் போர்க்கப்பல்களை அனுப்பினார். "உங்கள் சுதந்திரத்தை ஒப்புக்கொள்கிறோம். ஆனால் 15 கோடி பிராங்க் கொடுக்க வேண்டும்" என்றார்கள். எதற்கு? தோட்டங்களையும் அடிமைகளையும் இழந்த முதலாளிகளுக்கு நஷ்ட ஈடாம்!

சாட்டையடி பட்டவன், அடித்தவனுக்கு நஷ்ட ஈடு தர வேண்டும். எப்படி இருக்கிறது நியாயம்!

பீரங்கிகளுக்கு எதிரே ஹைதி என்ன செய்யும்? ஒப்புக்கொண்டது. 1838-ல் தொகையை 9 கோடி பிராங்காகக் குறைத்தார்கள். அதைக் கட்டவும் ஹைதி கடன் வாங்கியது. கடனுக்கு வட்டி. வட்டிக்கு மேல் கடன். இதெல்லாம் தீர்ந்தது எப்போது தெரியுமா? 1947-ல்! பள்ளிக்கூடத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் போக வேண்டிய பணம் 100 ஆண்டுகளுக்கு மேல் வெளியே போய்க்கொண்டே இருந்தது.

இயற்கையும் சும்மா விடவில்லை. 2010 ஜனவரி 12-ந் தேதி பெரும் பூகம்பம். லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள். 2021 ஜூலையில் நாட்டின் ஜனாதிபதியையே அவர் வீட்டில் புகுந்து சுட்டுக் கொன்றார்கள். அடுத்த மாதமே மறுபடியும் பூகம்பம். 2 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள்.

அந்தத் துயர ஆண்டின் கடைசியில் ஒரு நல்ல செய்தி வந்தது. 2021 டிசம்பர் 16-ந் தேதி, யுனெஸ்கோ நிறுவனம் மனித குலத்தின் பண்பாட்டுச் செல்வங்கள் பட்டியலில் ஹைதியின் பரங்கிக்காய் சூப்பைச் சேர்த்தது. அந்தப் பட்டியலில் ஹைதி நாட்டின் பெயர் ஏறியது அதுவே முதல் முறை.

பிழைப்புக்காக நியூயார்க், மயாமி, மாண்ட்ரியால் என்று ஊர் ஊராகப் போனவர்களும் இந்தச் சூப்பை விடவில்லை. வெளியே பனி கொட்டும். உள்ளே பரங்கிக்காய் கொதிக்கும்!

நம் வீட்டுப் பரங்கிக்காய்

இந்தச் சூப்பின் பரங்கிக்காய் ஏதோ அதிசயக் காய் என்று நினைக்க வேண்டாம். நம் ஊர்ச் சந்தையில் கீற்றுப் போட்டு விற்கிறார்களே, அதே இனம்தான். சில ஊர்களில் இதை மஞ்சள் பூசணி என்பார்கள். சில ஊர்களில் சர்க்கரைப் பூசணி. இதன் பிறந்தகம் அமெரிக்கக் கண்டம். பரங்கியர் வந்த காலத்தில் கப்பலேறி வந்ததால்தான் நாம் இதைப் பரங்கிக்காய் என்கிறோம்.

இன்னொரு பொருத்தத்தையும் பாருங்கள். ஜனவரி 1-ந் தேதி நமக்கு மார்கழி மாதம். நம் வாசல் கோலத்தில் சாண உருண்டைமேல் மஞ்சள் பூ செருகுகிறோம். அது பரங்கிப்பூ. அதே நாளில் ஹைதியில் பரங்கிக்காய் பானையில் கொதிக்கிறது!

மழைக்கும் குளிருக்கும் இந்தச் சூப் இதமாக இருக்கும். இறைச்சி இல்லாமலும் வைக்கலாம். 5 பேருக்கு வேண்டிய அளவு இதோ:

நன்றாகப் பழுத்த பரங்கிக்காய் 1 கிலோ, உருளைக்கிழங்கு 2, காரட் 2, கோசு ஒரு சிறு துண்டு, பெரிய வெங்காயம் 1, பூண்டு 6 பல், கிராம்பு 2, பச்சை மிளகாய் 1, சேமியா ஒரு கைப்பிடி, நெய் 2 தேக்கரண்டி, எலுமிச்சம்பழம் அரை மூடி, கொத்தமல்லித்தழை கொஞ்சம், உப்பு தேவையான அளவு.

பரங்கிக்காயைத் தோல் சீவி, விதையை எடுத்துவிட்டுத் துண்டு போடுங்கள். 3 டம்ளர் தண்ணீர் ஊற்றி வேகவையுங்கள். குழைந்ததும் பருப்பு மத்தால் கடையுங்கள்.

வேறொரு பாத்திரத்தில் நெய்யைக் காயவைத்துக் கிராம்பு போடுங்கள். நறுக்கிய வெங்காயத்தையும் நசுக்கிய பூண்டையும் போட்டு வதக்குங்கள். உருளைக்கிழங்கு, காரட் துண்டுகளைச் சேர்த்து, 3 டம்ளர் தண்ணீர் ஊற்றி மூடுங்கள். அவை முக்கால் வேக்காடு வெந்ததும் கோசைப் போடுங்கள். கடைந்த பரங்கிக்காயையும் உப்பையும் சேருங்கள். பச்சை மிளகாயைக் கீறாமல் முழுசாக மிதக்க விடுங்கள்.

ஒரு கொதி வந்ததும் சேமியாவைப் போடுங்கள். சேமியா வெந்ததும் இறக்கி, மிளகாயை எடுத்து விடுங்கள். எலுமிச்சைச் சாறு பிழிந்து கொத்தமல்லி தூவுங்கள். கெட்டியாக இருந்தால் வெந்நீர் சேர்த்துக் கொள்ளலாம். குழந்தைகளுக்கென்றால் மிளகாயே வேண்டாம்.

இறைச்சி சேர்ப்பவர்கள் அதைத் தனியே மெத்தென்று வேகவைத்துக் கொள்ளுங்கள். இரண்டாவது முறை ஊற்றும் 3 டம்ளர் தண்ணீருக்குப் பதிலாக அந்தச் சாற்றை ஊற்றலாம்.

பரங்கிக்காயின் மஞ்சள் நிறம் அழகுக்கு மட்டும் அல்ல. அந்த நிறத்தைத் தரும் சத்து உடம்பில் "ஏ" வைட்டமினாக மாறுகிறது. கண்ணுக்கு அது நல்லது. நெய் கொஞ்சம் சேர்ந்தால்தான் அந்தச் சத்தை உடம்பு நன்றாக ஏற்றுக்கொள்ளும். எடுத்த விதையையும் எறியாதீர்கள். கழுவிக் காயவைத்து வறுத்தால் பிள்ளைகள் கொறிப்பார்கள்.

முதல் கிண்ணம் யாருக்கு?

சூப் தயார். வீடு மணக்கிறது. பிள்ளைகள் கிண்ணத்தோடு வந்துவிட்டார்கள். வீட்டுக்காரரும் வந்து உட்கார்ந்துவிட்டார்.

இனி நடப்பது தெரிந்ததுதானே! எல்லாருக்கும் ஊற்றிக் கொடுத்துவிட்டு, பானையின் அடியில் ஒட்டியிருப்பதை வழித்துக் குடிப்பாள், அதைச் சமைத்தவள். சில வீடுகளில் அதுவும் மிஞ்சாது.

அவளை யாரும் தடுக்கவில்லை. சட்டமும் இல்லை, சாட்டையும் இல்லை. ஆனால் "நீ குடித்தாயா?" என்று கேட்பவர்களும் இல்லை.

சமைத்த கைக்கும் ஒரு கிண்ணம் உண்டு என்பதற்காக ஒரு நாடே 12 ஆண்டுகள் போராடியது. நம் வீட்டில் அவ்வளவு பாடு வேண்டியதில்லை. யாராவது ஒருவர் எழுந்து, அகப்பையை வாங்கி, முதல் கிண்ணத்தை ஊற்றி அவள் கையில் கொடுத்தால் போதும்.

சூடு ஆறுவதற்குள் அவள் குடிக்கட்டும்!